கைஃபெங்: ஆற்றுக்குக் கீழே ஆறு ஊர்கள்

ஆற்றங்கரை ஊர் என்றால் ஊர் மேட்டிலும் ஆறு பள்ளத்திலும் இருக்கும், இல்லையா? சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருக்கிற கைஃபெங்கில் இது தலைகீழ். ஊருக்கு வடக்கே ஓடும் மஞ்சள் ஆற்றின் படுகை, ஊர்த் தரையைவிடச் சுமார் 10 மீட்டர் உயரம்! மேற்கே பொடிமண் பீடபூமியை அரித்துக்கொண்டு வரும் ஆறு, சமவெளியில் வேகம் குறைந்ததும் வண்டலைக் கீழே போட்டுவிடுகிறது. படுகை உயரும், மக்கள் கரையை உயர்த்துவார்கள், மறுபடி படுகை உயரும்.

சரி, இப்படியொரு இடத்தில் ஏன் தலைநகரம்? சோறுதான் காரணம். தெற்கே விளைந்த அரிசி கால்வாய் வழியாகப் படகில் இங்கே வந்து இறங்கியது. 960இல் ஆட்சிக்கு வந்த சோங் வம்சம் அதனால்தான் இங்கேயே உட்கார்ந்தது. ஆனால் அரணாக நிற்க ஒரு மலைகூடப் பக்கத்தில் இல்லை. 1127இல் வடக்கேயிருந்து வந்த ஜூர்ச்சன் படை ஊரைப் பிடித்துக்கொண்டது.

1642இல் நடந்தது இன்னும் கொடுமை. கிளர்ச்சிப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, போர்த் தந்திரமாகவே ஆற்றங்கரையை உடைத்துவிட்டார்கள். வெள்ளத்திலும், அதை ஒட்டிவந்த பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 3 லட்சம் பேர் செத்துப்போனார்கள்.

தொல்லியலாளர்கள் தோண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு நகரங்கள் கிடைத்தன. அதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒரு தெரு. இன்றைய சோங்ஷான் சாலை, சோங் காலத்து ராஜபாட்டைக்கு நேர் மேலே போகிறது. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வடிந்தபின், பிழைத்தவர்கள் பழைய தெரு இருந்த இடத்திலேயே, வண்டலுக்கு மேல், மறுபடி தெரு போட்டிருக்கிறார்கள்.