ஏழாம் எண் கணினியின் பிடிவாதம்

நம் பள்ளிக் கணினி அறையில் 7-ஆம் எண் கணினி ஒரு விசித்திரப் பிறவி. ஒன்பதாம் வகுப்பு மாணவியர் வரும்போது சாதுவாக வேலை செய்யும். பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் அமர்ந்தால் சர்வரிலுள்ள பாடக் கோப்புகளைத் திறக்காது; பிரிண்டருக்கு எதையும் அனுப்பாது. சற்று நேரம் இணைப்பு வரும், சற்று நேரம் போகும். அதில் வழக்கமாக அமரும் எங்கள் தோழிதான் கண்டதை அழுத்திக் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சு எழுந்தது. அவள் மதிய உணவையும் உண்ணாமல் அழுததைக் கண்ட நாங்கள் நால்வர், உண்மைக் காரணத்தை அறிந்தே தீருவது என்று சிஸ்டரிடம் அனுமதி பெற்றோம்.

எங்கள் அறைக் கணினிகளில் இருப்பது பாஸ் லினக்ஸ். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது இது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றிலும் இது இருந்தது. ஆகவே நம்மில் சிலர் வீட்டில், அக்காமாரின் பெட்டியில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம்!

இணைப்புப் பழுதை எப்படித் தேடுவது? நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு வரவேண்டிய பஸ் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் போய்ப் பார்ப்போமா? பஸ் சேந்தமங்கலம் தாண்டியதா, காரவள்ளி தாண்டியதா, சோளக்காட்டில் பார்த்தார்களா என்று ஊர் ஊராகக் கேட்போம். கணினியிலும் அப்படியே, அருகிலிருந்து தூரத்துக்குப் போகவேண்டும்.

முதலில் கேபிள். செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்தோம். எரிந்தது. பிறகு டெர்மினலைத் திறந்து 'ஐபி லிங்க்' என்று ஆங்கிலத்தில் தட்டினோம். கேபிள் சரியில்லையென்றால் 'நோ கேரியர்' என்று அதுவே சொல்லிவிடும். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து 'ஐபி அட்ரஸ்' என்று தட்டினோம். 192.168.1.7 என்று கணினியின் முகவரி வந்தது. முகவரியே வராவிட்டால் அங்கேயே நின்று தேட வேண்டியிருக்கும்.

அதன்பின் 'பிங்'. இதை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், ஆண்டு 1983. கடலுக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையையே பெயராக வைத்தார். நாம் ஒரு கணினியைக் கூப்பிடுகிறோம், அது 'இதோ இருக்கிறேன்' என்கிறது, அவ்வளவுதான். முதலில் 127.0.0.1 என்ற எண்ணைக் கூப்பிட்டோம். அது தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வது. பதில் வந்தது. பக்கத்துக் கணினியும் பதில் சொன்னது, சர்வரும் சொன்னது. ஒரு பழுதும் இல்லை!

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. தோழியின் கைதான் காரணமோ என்று எங்களில் ஒருத்தி முணுமுணுத்தாள். அப்போது சிஸ்டர், "இப்போது மதிய இடைவேளை. இங்கே இந்தக் கணினியும் சர்வரும் பக்கத்து ஒன்றும்தானே ஓடுகின்றன? வகுப்பு நேரத்தில் பாருங்கள்" என்றார்கள்.

மறுநாள் வகுப்பில் பார்த்தோம். பிங் கொஞ்ச நேரம் பதில் பெற்றது, பிறகு ஊமையாயிற்று, மறுபடி பேசிற்று. ஒன்பதாம் வகுப்பில் இல்லாதது எங்கள் வகுப்பில் என்ன என்று யோசித்தோம். நாங்கள் எண்ணிக்கையில் அதிகம். கடைசி வரிசையிலுள்ள 12-ஆம் எண் கணினியை நாங்கள் வந்தால்தான் போடுவார்கள்!

ஓடிப்போய் அதில் 'ஐபி அட்ரஸ்' தட்டினோம். 192.168.1.7! இரண்டுக்கும் ஒரே முகவரி.

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? சர்வரின் கதியும் அதுதான். அது அறை முழுவதும் கேட்கும்படி "7 யார்?" என்று கேட்கும். பதில் சொல்லும் கணினியின் நெட்வொர்க் அட்டையில் பொறித்த வன்பொருள் எண்ணைக் குறித்துக்கொள்ளும். ஏ.ஆர்.பி. என்ற இந்த ஏற்பாடு 1982-இல் வகுக்கப்பட்டது. இரு கணினிகள் பதில் சொன்னால் ஒருமுறை இதற்கும் ஒருமுறை அதற்கும் கடிதம் போகும். சர்வரில் 'ஐபி நெய்பர்' என்று சில நிமிட இடைவெளியில் இருமுறை தட்டினோம். 192.168.1.7-க்கு நேரே இரு வேறு வன்பொருள் எண்கள் மாறி மாறி வந்தன. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஜூன் மாதம் 12-இன் ஹார்டு டிஸ்க் பழுதானபோது, 7-இல் இருந்ததை அப்படியே நகலெடுத்துப் புது டிஸ்க்கில் போட்டிருந்தார்கள். பாடங்களோடு முகவரியும் சேர்ந்து போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக ஏற்றலாம் என்று முன்பு ஒரு யோசனை இருந்தது. அப்படிச் செய்து பழைய முகவரியையே கொடுத்திருந்தால் பழுது அப்படியே நின்றிருக்கும். கோப்புகள் மட்டும் போயிருக்கும்.

நெட்வொர்க் அமைப்பில் 12-இன் முகவரியை 192.168.1.12 என்று மாற்றி, இணைப்பை நிறுத்தித் திரும்பப் போட்டோம். சிஸ்டர் ஒவ்வொரு கணினியின் முகவரியையும் சீட்டில் எழுதி அதனதன் நெற்றியில் ஒட்டச் சொன்னார்கள். 7-க்கான சீட்டை எழுதி ஒட்டியவள் எங்கள் தோழி. பிறகு அங்கேயே அமர்ந்து, சர்வரிலிருந்து அறிவியல் பாடத்தைத் திறந்து, முதல் பக்கத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். காகிதம் வெளியே வந்தது.