கிடங்கிற்கு ஏற்ற ஃபோர்க்லிஃப்ட்: மின்சாரமா, டீசலா?

மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கப்படுகின்றன. அங்கும் திருப்பூணித்துறையிலும் கிடங்கு நடத்துவோர் ஃபோர்க்லிஃப்ட் வாங்க எண்ணினால், விலையைவிட வண்டி ஓடும் இடத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்போம்.

மூடிய கட்டடத்துக்குள் டீசல் எஞ்சின் கார்பன் மோனாக்சைடையும் கரிப்புகையையும் வெளியிடும். தொழிலாளரின் மூச்சுக்கு அது கேடு. அயல்வாடையை எளிதில் ஈர்க்கும் நறுமணப் பொருள்களுக்கும் கேடு. மின்வண்டியில் புகையில்லை, ஓசையும் குறைவு. எனினும் திறந்த முற்றம், கரடுமுரடான தரை, பருவமழை, இடைவிடாத வேலை ஆகியவற்றுக்கு டீசல் வண்டி இன்றும் பொருந்தும். சில நிமிடங்களில் எரிபொருள் நிரப்பிவிடலாம்.

ஈய அமில பேட்டரி முழுமையாக மின்னேற ஏறத்தாழ 8 மணி நேரமாகும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டமுள்ள தனியிடம் தேவை. லித்தியம் பேட்டரியை உணவு இடைவேளையிலும் மின்னேற்றலாம். ஆனால் விலை கூடுதல்.

எடுத்துக்காட்டாக, மின்வண்டியின் விலை 3,00,000 ரூபாய் அதிகம் எனக் கொள்வோம். எரிபொருளிலும் பராமரிப்பிலும் மாதந்தோறும் 15,000 ரூபாய் மிச்சமானால், 20 மாதங்களில் அது ஈடாகிவிடும். வண்டி குறைவாக ஓடி 5,000 ரூபாயே மிச்சமானால் 60 மாதங்கள் ஆகும். அதற்குள் பேட்டரியை மாற்றும் செலவும் வந்து சேரலாம்.

ஆகவே, கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு மாதம் வண்டியின் வேலை நேரத்தை நாள்தோறும் குறித்து வையுங்கள். தவணைக் காலத்தை முடிவுசெய்ய அக்குறிப்பே நமக்கு நல்ல அளவுகோல்.