ஏ.சி. காற்றில் வரும் மணம் என்ன சொல்கிறது?

சென்ற வருடம் எனது பழைய வேனை விற்க முடிவு செய்தேன். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் புடவைச் சரக்கெடுக்கப் பல வருடம் ஓடிய வேன் அது. பார்க்க வந்தவர் எஞ்சினைப் பார்த்தார், டயரைத் தட்டினார், எல்லாம் திருப்தி. உள்ளே ஏறி ஏ.சி.யைப் போட்டார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. "நானா, வண்டி நல்லம்தான். ஆனா நனஞ்ச சாக்கு மாதிரி மணக்குதே. வெள்ளத்துல கிடந்த வண்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பேசிய விலையில் ஒன்றரை இலட்சத்தைக் குறைத்துக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

குற்றம் என்னுடையதுதான். அந்த மணம் ஒரு வருடமாகவே இருந்தது. முதலில் கண்ணாடியில் வாசனை அட்டை தொங்கவிட்டேன். பிறகு பஞ்சில் அத்தர் நனைத்து காற்று வரும் வாயில் செருகினேன். அத்தரும் அழுக்கும் கலந்து வருவது முன்னையதைவிட மோசம் என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கராஜில் காட்டியபோது டேஷ்போர்டைக் கழற்றி, கூலிங் கொயிலையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட கூலி, வாங்க வந்தவர் குறைத்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். நல்லவேளை, இன்னொருவரிடமும் காட்டலாம் என்று தோன்றியது. அந்த இளம் பாஸ் கையில் ஒரு சாவியும் எடுக்கவில்லை. ஏ.சி.யைப் போட்டு கால் மணித்தியாலம் விடச் சொன்னார். பிறகு குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார். "முதலாளி, ஒரு சொட்டுத் தண்ணி விழல்லயே. அது எங்க போகுது?" என்று கேட்டார். முன் இருக்கைக்குக் கீழே காபட்டைத் தூக்கிப் பார்த்தால், ஊறிக் கிடந்தது.

விடயம் இதுதான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில் குளிரும்போது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படிகிறது. ஐஸ் போட்ட கிளாசுக்கு வெளியே வேர்ப்பதைப் போல. எமது நாட்டுப் புழுக்கத்தில் இந்தத் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. அது ஒரு சிறு குழாய் வழியாக வீதியில் சொட்ட வேண்டும். தூசியும் இலைத்துகளும் குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஈரமும் தூசியும் இருட்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். புளித்த, நனைந்த சாக்கு மணம் அதனுடையது. அதன்மேல் எத்தனை அத்தர் ஊற்றினாலும் பயனில்லை.

பாஸ் குழாயை அடியிலிருந்து மெல்லிய காற்று விட்டுத் திறந்தார். தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த ஏ.சி. பில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்துப்போய், தூசி அப்பிக் கிடந்தது. புதியதைப் போட்டு, கொயிலுக்கு நுரை அடித்துக் கழுவி, காபட்டை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். செலவு, முதல் கராஜ் கேட்டதில் பத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் கிழமை வேன் கேட்ட விலைக்குப் போனது. வாங்கியவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பழைய பில்டரையும் காட்டினேன்.

அந்த பில்டரை 10,000 முதல் 15,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். புழுதி வீதியில் ஓடுபவர்கள் அதற்கு முன்னரே பார்க்க வேண்டும். சில பழைய வாகனங்களில் பில்டரே கிடையாது. அவற்றின் கொயில் இன்னும் விரைவாக அழுக்காகும். வீட்டை அடைய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி. பட்டனை மட்டும் நிறுத்திவிட்டு, விசிறியை ஓடவிடுங்கள். கொயில் காய்ந்துவிடும்.

எல்லா மணமும் பூஞ்சணமல்ல. அழுகல் மணம் என்றால் பெரும்பாலும் எலிதான். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் வழியிலோ விசிறியிலோ கூடு கட்டிச் செத்திருக்கும். மாமரத்தின் கீழ் நிறுத்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும். வெறுங்கையால் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் எமது நாட்டில் புதிதல்ல.

சீனிப்பாகு போல இனித்த மணம் வந்து, கண்ணாடியின் உட்புறம் பிசுக்கென்று புகை படிந்தால், ஹீட்டர் பகுதியில் கூலன்ட் ஒழுகுகிறது. ஜப்பான் குளிருக்காக வைத்த ஹீட்டரை நாம் போடுவதேயில்லை. ஆனாலும் பல வாகனங்களில் அதனுள் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் எஞ்சின் சூடேறிப் போகும், அந்தச் செலவைச் சொல்லவே பயம். பிளாஸ்டிக் கருகினால் விசிறி மோட்டாரையோ வயரையோ சந்தேகியுங்கள். பெற்றோல் மணம் வந்தால் வாகனத்தை நிறுத்தி இறங்குங்கள். கராஜ் வரை ஓட்டிப் பார்ப்போம் என்ற துணிச்சல் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் புகை மணம். சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, வேனின் பின்கதவு றப்பர் தேய்ந்திருந்தாலோ எஞ்சின் புகை உள்ளே வரும். அதிலுள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூக்குக்குத் தெரிவது அதனுடன் வரும் மற்றப் புகை மட்டுமே. தலையிடி, குமட்டல், தூக்கம் என்று தொடங்கும். எமது ஊர் வியாபாரிகள் இரவோடிரவாகப் புறக்கோட்டைக்கு வந்து, கடை திறக்கும்வரை கண்ணாடியை மூடி, ஏ.சி.யைப் போட்டு வேனுக்குள்ளேயே உறங்குகிறார்கள். நானும் பல வருடம் அப்படி உறங்கியவன்தான். இப்போது என் சாரதியிடம், எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் உறங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நுளம்புக்கு ஒரு சுருள் வாங்கக் காசும் கொடுக்கிறேன், அதை வேனுக்கு வெளியே வைக்கச் சொல்லி.