கறுப்பின ஆய்வுத்துறையில் கருத்து மோதல்கள்

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைபெற்றிருக்கும் துறைகளுள் கறுப்பின ஆய்வுத்துறையும் ஒன்று. ஆப்பிரிக்க மண்ணிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களுடைய வழித்தோன்றல்களின் வரலாறு, மொழி, இலக்கியம், சமயம், சமூக வாழ்வு ஆகியவற்றை இத்துறை ஆராய்கிறது. நிறவெறிக்கு எதிராக எழுந்த துறையாதலின், இதில் உள்ளோர் அனைவரும் ஒரே கருத்தினர் என்று வெளியிலிருந்து நோக்குவோர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. தொடக்க நாள் முதலாகவே இத்துறை தன்னுள் வாதிட்டு வந்துள்ளது. அவ்வாதங்களுள் தலையாய சிலவற்றையும், அவற்றால் விளைந்த பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோடிகள்

ஆப்பிரிக்கா உலக வரலாற்றில் இடம்பெறத்தக்க கண்டமன்று என்று ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெகல் தம் விரிவுரைகளில் உரைத்தார். இக்கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வியுலகில் ஆழ வேரூன்றியிருந்தது. இதனை மறுக்க வேண்டிய கடமை முதல் தலைமுறைக் கறுப்பின அறிஞர்கள் மேல் விழுந்தது. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் உட்சன், 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம் நிறுவினார். அடுத்த ஆண்டே அதற்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார்.

அவருக்கு மூத்தவரான டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1935இல் வெளியிட்ட ‘கறுப்பின மறுசீரமைப்பு’ எனும் நூல் இங்குக் கருதத்தக்கது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஆட்சியில் பங்கேற்ற காலத்தை, அறியாமையும் ஊழலும் மலிந்த காலமாகவே அன்றைய பாடநூல்கள் காட்டின. பொதுப்பள்ளிகள் தோன்றவும் மக்களாட்சி விரியவும் துணைநின்ற காலம் அது என்று டு பாய்ஸ் சான்றுகளுடன் நிறுவினார். அந்நூலின் இறுதி இயலில், வரலாறு என்பது ஓரினத்தாரை மகிழ்விக்க எழுதப்படுவதா, நடந்ததை நடந்தவாறு உரைப்பதா என்ற வினாவை அவர் எழுப்பினார். வெள்ளை வரலாற்றாசிரியர்களை நோக்கி எழுப்பப்பட்ட அவ்வினா, பின்னாளில் கறுப்பின ஆய்வாளர்களை நோக்கியும் திரும்பியது.

மரபு அழிந்ததா, எஞ்சியதா?

துறையின் முதற் பெரும் வாதம் 1939க்கும் 1941க்கும் இடையில் வடிவம் பெற்றது. கறுப்பினச் சமூகவியலாளரான பிராங்க்ளின் பிரேசியர், அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் பற்றி 1939இல் ஒரு நூல் எழுதினார். கடற்பயணக் கொடுமையும் அடிமைச் சந்தையும் தோட்டத்து வாழ்வும் ஆப்பிரிக்க மரபை அடியோடு அழித்துவிட்டன என்பது அவர் முடிவு. 1941இல் வெள்ளை மானிடவியலாளரான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் இதனை மறுத்தார். வழிபாடு, இசை, ஈமச்சடங்கு, பேச்சு ஆகியவற்றில் ஆப்பிரிக்க மரபு உயிருடன் உள்ளது என்றும், கறுப்பினத்தாருக்குக் கடந்த காலமே இல்லை என்பது கட்டுக்கதை என்றும் அவர் வாதிட்டார்.

மரபு எஞ்சியது என்றவர் வெள்ளையர். அழிந்தது என்றவர் கறுப்பினத்தவர். இது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் பிரேசியரின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. கறுப்பினத்தார் பண்பாட்டால் அயலார் என்று கூறிவிட்டால், அவர்களுக்குச் சமகுடியுரிமை மறுப்போர்க்கு அதுவே கருவியாகிவிடும் என அவர் கருதினார். கடந்த காலமற்ற மக்கள் என்று கூறுவதே இழிவுக்கு வித்து என ஹெர்ஸ்கோவிட்ஸ் கருதினார். இருவர் நோக்கமும் ஒன்றே, வழிகள் எதிரெதிரானவை.

இவ்வாதத்திற்கு மொழியியல் வழங்கிய சான்று தமிழ் பயில்வோர் அறியத்தக்கது. தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலக் கடலோரத் தீவுகளில் வாழும் கறுப்பின மக்கள் பேசுவது கல்லா எனும் மொழி. சிதைந்த ஆங்கிலம் என்று அறிஞர்கள் ஒதுக்கிய அதனை, லொரென்சோ டோ டர்னர் எனும் கறுப்பின மொழியியலாளர் 1930களில் ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்தார். 1949இல் வெளிவந்த அவரது நூல், மேற்காப்பிரிக்க மொழிகளில் வேர்கொண்ட ஆயிரக்கணக்கான சொற்களையும் பெயர்களையும் அம்மொழியிலிருந்து எடுத்துக்காட்டியது. அவர் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் பகுதிப் பெண்மணி ஒருவரிடம் பதிவு செய்த பாடல் மெண்டே மொழியில் அமைந்திருந்தது. 1990களில் ஆய்வாளர் சிலர் அதனைச் சியரா லியோன் நாட்டின் சிற்றூர்களில் ஒலிக்கச் செய்தபோது, ஒரு பெண்மணி அதனை அடையாளம் கண்டு உடன்பாடினார். அது அவ்வூர் மகளிர் ஈமச்சடங்கில் பாடும் பாடல். அமெரிக்கப் பாடகியின் மகள் 1997இல் அவ்வூருக்குச் சென்று அப்பெண்மணியைக் கண்டார்.

எழுத்துச் சான்றும் உண்டு. இன்றைய செனகல் நாட்டுப் பகுதியிலிருந்து 1807இல் அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்ட உமர் இப்னு சயீத் 1831இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். திருக்குர்ஆனின் அல்முல்க் அத்தியாயத்துடன் தொடங்கும் அக்கையெழுத்துப்படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. அடிமைகள் அனைவரும் எழுத்தறியாதார் என்ற கூற்றுக்கு இது தக்க மறுப்பு.

துறையின் பிறப்பு

1968 நவம்பர் 6ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கம் பிற சிறுபான்மை மாணவருடன் இணைந்து வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. 1969 மார்ச் வரை அது நீடித்தது. அதன் விளைவாகக் கறுப்பின ஆய்வுக்கெனத் தனித்துறை அங்கு அமைந்தது. பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. கிளர்ச்சியில் பிறந்த துறை, மக்களுக்குக் கடமைப்பட்டதா, கல்வி நெறிகளுக்குக் கடமைப்பட்டதா என்ற வினா அப்போதே எழுந்துவிட்டது.

மூன்று வழிகள்

அறிஞர் மானிங் மாரபிள் கறுப்பினச் சிந்தனையை மூவகைப்படுத்தினார். இருக்கும் அமைப்பினுள் சம இடம் வேண்டுவோர் ஒருசாரார். தனித்த அடையாளத்தையும் நிறுவனங்களையும் வேண்டுவோர் மற்றொருசாரார். இனத்தையும் வர்க்கத்தையும் இணைத்து நோக்கி அமைப்பையே மாற்ற வேண்டுவோர் மூன்றாம் சாரார். மாரபிள் தம்மை மூன்றாம் அணியில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் வகையில் பெரும் விவாதத்தை எழுப்பியது ஆப்பிரிக்க மையவாதம். மொலெஃபி அசன்டே 1980இல் இதனை நூலாக வெளியிட்டார். ஆப்பிரிக்கரை ஐரோப்பிய வரலாற்றின் ஓரத்தில் நிறுத்தாது, தம் வரலாற்றின் நடுவில் தாமே நிற்பவராகக் கொண்டு ஆராய வேண்டும் என்பது இதன் உயிர்க்கொள்கை. அவர் முயற்சியால் 1988இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முதல் முனைவர் பட்ட வகுப்பு தொடங்கியது. பண்டை எகிப்து கறுப்பின நாகரிகமே என்று வாதிட்ட செனகல் அறிஞர் ஷேக் அன்ட்டா டியோப் இக்கொள்கையினர்க்கு வழிகாட்டி.

இதற்கு எதிர்ப்பு வெளியிலிருந்தும் வந்தது, உள்ளிருந்தும் வந்தது. கிரேக்க மெய்யியல் எகிப்திலிருந்து களவாடப்பட்டது என்பதற்குச் சான்றில்லை என்று செம்மொழியறிஞர் மேரி லெஃப்கோவிட்ஸ் 1996இல் நூலெழுதினார். வெள்ளையர் கட்டிய புனைவுக்கு மாற்றாக மற்றொரு புனைவைக் கட்டலாகாது என்பது கறுப்பின அறிஞர் சிலரின் கவலை. பால் கில்ராய் 1993இல் வேறொரு வழியைக் காட்டினார். தூய ஆப்பிரிக்க வேரைத் தேடுவதைவிட, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, கரீபியத் தீவுகள், பிரித்தானியா ஆகியவற்றை இணைக்கும் அட்லாண்டிக் கடலையே கறுப்பினப் பண்பாட்டின் களமாகக் கொள்ள வேண்டும் என்றார்.

பெண்களின் வினா

மேற்கண்ட வாதங்களில் ஆண்களின் குரலே ஓங்கியிருந்தது. கறுப்பினப் பெண்ணறிஞர் மூவர் 1982இல் தொகுத்த கட்டுரை நூல் இக்குறையைச் சுட்டியது. ‘பெண்கள்’ என்றால் வெள்ளைப் பெண்கள், ‘கறுப்பினத்தார்’ என்றால் ஆண்கள் என ஆய்வுலகம் கொண்டுவிட்டதால், கறுப்பினப் பெண் இரண்டிலும் விடுபட்டாள் என்பது அதன் வாதம். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ஒரு வழக்கைக் கொண்டு இதனை விளக்கினார். ஒரு வாகன நிறுவனத்தின்மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனத்தில் பெண்கள் பணிபுரிந்தனர், அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தாரும் பணிபுரிந்தனர், அவர்கள் ஆண்கள். இரண்டு காரணங்களையும் இணைத்து முறையிட இயலாது என்று 1976இல் நீதிமன்றம் மறுத்தது. ஒடுக்குமுறைகள் சந்திக்கும் இடத்தில் நிற்பவரைச் சட்டம் காணத் தவறுகிறது என்ற கிரென்ஷாவின் கோட்பாடு இன்று உலகெங்கும் பயிலப்படுகிறது.

அண்மைக்கால வாதங்கள்

அடிமைநிலை என்பது ‘சமூக மரணம்’ என்று ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வகுத்த கருத்தை எடுத்துக்கொண்ட பிராங்க் வில்டர்சன் போன்றோர், சட்டத்தால் விடுதலை வந்த பின்னும் அந்நிலை நீங்கவில்லை என்கின்றனர். அவநம்பிக்கைவாதம் எனப்படும் இது, போராடிப் பெற்ற வெற்றிகளையும் மக்களின் படைப்பாற்றலையும் மறைத்துவிடுகிறது என்று பிறர் மறுக்கின்றனர். வெளியிலிருந்தும் நெருக்கடி குறையவில்லை. உயர்நிலைப் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை 2023 சனவரியில் புளோரிடா மாநிலம் ஏற்க மறுத்தது.

முடிவுரை

வெளியில் பகை சூழ்ந்திருக்க, உள்ளே வாதிட்டுக் கொண்டிருப்பது தகுமா என்ற கேள்வி இத்துறையினரிடையே பலமுறை எழுந்ததுண்டு. வரலாறு விடை கூறுகிறது. பிரேசியர் மறுத்திராவிடின், மரபு எஞ்சியதற்குச் சான்று தேடும் கட்டாயம் அத்தனை வலுவாக எழுந்திராது. பெண்கள் வினவியிராவிடின், துறை தன் மக்களில் பாதிப்பேரை மறந்தே நடந்திருக்கும். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பெருமிதம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆய்வின் சோதனைக்கு நின்ற பெருமிதமே எதிரியின் மறுப்புக்கும் நிற்கும். கல்லா மொழிப் பாடல் அத்தகையது. எவரும் அதனைப் புகழ்ந்து உயர்த்த வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆய்வாளர் செவிமடுத்துப் பதிவு செய்தார்; இரு கரையிலும் வாழ்ந்த பெண்கள் அதற்குச் சான்றாயினர். ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள், தமக்கு உவப்பான முடிவையும் இவ்வாறே சோதித்து ஏற்க முன்வருவார்களாயின், அவர்கள் கற்ற கல்வி பயனுடையதாகும்.