மலையேறிய வேதம் – 17: மூன்று சட்டைப்பைகள்

சென்ற வாரம் நம் உபதேசியார் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பிக் கண்டி வந்து சேர்ந்தார். விடாமல் படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். விட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் பண்டாரவளைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். கத்தோலிக்க ஆயர் லியோ நாணயக்காரவும் அவருடைய சேவக செவன குருமடமும் அங்கே காத்திருக்கின்றன. ஆனால் வழியில் 1876ஆம் ஆண்டு குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைச் சுற்றிக்கொண்டு போக மனம் வரவில்லை.

என் நோய் உங்களுக்குத் தெரியும். யார் எந்த மலையில் ஏறி எதைப் பிரசங்கித்தார் என்று சொன்னாலும், எனக்கு முதலில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? இந்தக் கேள்வியால் சில போதகர் நண்பர்கள் என்னோடு தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. இந்த வாரம் அந்தக் கேள்விக்கு ஒரு பெரும் விருந்தே கிடைத்திருக்கிறது.

மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களுக்கென்று 1854இல் தொடங்கிய மிஷனுக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்று பெயர். அன்று அச்சில் போட்டதை இன்று நான் மெழுகி எழுதப் போவதில்லை. கோப்பித் தோட்டத்துத் துரைமார் சிலர் கேட்டுக்கொள்ள, லண்டனின் சர்ச் மிஷனரிச் சங்கம் (சி.எம்.எஸ்.) அதை ஏற்று நடத்தியது. அதன் கணக்குத்தான் சுவையானது. மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்கார மிஷனரிக்கு லண்டன் சங்கம் படியளந்தது. லயத்துக்கு லயம் நடக்கிற தமிழ் உபதேசியார்மாருக்கு, துரைமார் தங்களுக்குள் சந்தா சேர்த்துச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தத் துரைமாரிலும் எல்லோரும் ஆங்கிலிக்கன் அல்லர். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பிரெஸ்பிட்டேரியன்கள் ஏராளம். பேராயர் என்ற பதவியே வேண்டாம் என்கிற சபையில் பிறந்தவர்கள் அவர்கள்.

இத்தோடு மூன்றாவது சட்டைப்பை ஒன்றும் இருந்தது. பதுளை போன்ற ஊர்களில் இருந்த ஆங்கிலிக்கன் சாப்ளின்மாருக்குக் காலனி அரசு தன் கஜானாவிலிருந்து சம்பளம் கொடுத்தது. ஆக ஒரே வேதத்துக்கு அரசாங்கம், லண்டன், துரை என்று மூன்று பைகள். மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியதே பெரிய காரியம்.

ரெஜினால்ட் கொப்பல்ஸ்டன் கொழும்புக்குப் பேராயராக வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். 1875 டிசம்பரில் லண்டனில் அபிஷேகம் பெற்றவர், அடுத்த ஆண்டே இங்கே சண்டையைத் தொடங்கிவிட்டார். படிப்பாளி. சிங்களமும் பாளியும் கற்று, பின்னாளில் பௌத்தத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றும் எழுதினார். அவருடைய கண்ணுக்குத் தோட்டத்து ஏற்பாடு ஒழுங்கீனமாகப் பட்டது. தன் மறைமாவட்டத்துக்குள் வேதம் சொல்கிற உபதேசியார், தன் சாப்ளினுக்குக் கீழே அல்லவா இருக்க வேண்டும்? நடுவில் ஒரு சங்கத்துக்கும் துரைமார் கமிட்டிக்கும் என்ன வேலை?

மிஷனரிமார் மறுத்தார்கள். துரைமாருக்கும் இது பிடிக்கவில்லை. தாம் கொடுக்கிற பணத்தில் நடக்கிற ஆளை அரசாங்கச் சாப்ளின் ஏன் ஆள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வழிபாட்டு முறை பற்றிய பழைய கசப்பும் சேர்ந்துகொண்டது: பேராயர் சடங்குப் பக்கம் சாய்ந்தவர், சி.எம்.எஸ். அதைக் கண்டாலே முகம் சுளிக்கிற கூட்டம். பேராயர் பொறுக்கவில்லை. மிஷனரிமாருக்குக் கொடுத்திருந்த உத்தரவுப் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு பேராயர், தன் பகுதியில் வேதம் சொல்ல வந்த மிஷனரிமாரின் வாயைக் காகிதத்தால் அடைத்தார்! இங்கிலாந்தின் அதிமேற்றிராணிமார் தலையிட்டு, 1880இல்தான் இதற்கு முடிவு கண்டார்கள். அடுத்த ஆண்டே, சபைக்குக் கொடுத்துவந்த உதவிப் பணத்தைக் கைவிட அரசும் முடிவெடுத்தது. மூன்று பைகளில் ஒன்றின் வாய் சுருங்கத் தொடங்கியது.

இந்த வழக்கில் என்னை உறங்கவிடாதது என்ன தெரியுமா? பேராயர் பேசினார், சங்கம் பேசியது, துரைமார் பேசினார்கள், லண்டன் பேசியது. யாருக்குக் கீழே வேலை செய்வது என்று யாரைப் பற்றிப் பேசினார்களோ, அந்த உபதேசியார் என்ன நினைத்தார் என்று கேட்டவர் எவருமில்லை.

அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? பகலில் அவருக்கு ஆள் கிடையாது. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பிரட்டுக்களத்துக்குப் போன சனம் பொழுது சாய்ந்துதான் லயத்துக்குத் திரும்பும். அதற்குப் பிறகு அடுப்பு, குழந்தை, அசதி. இதற்கிடையே கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் வேதத்துக்கு. அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளப் பெரிய கங்காணியின் மனம் கோணக் கூடாது. கங்காணி வெறும் மேற்பார்வையாளர் அல்லர். ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். அவரிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டில் ஏறி ஆளோடு கூடவே போகும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் நடக்கிற தோட்டத்தில், ஒரு குடும்பம் வேதத்தில் சேர்ந்தால் அது சாமி மாறுகிற காரியம் மட்டுமா? கங்காணியோடும் பங்காளியோடும் கணக்குத் தீர்க்கிற காரியமும் அல்லவா?

பிரசங்கத்துக்கான பாடத்தை உபதேசியார் திருநெல்வேலியில் படித்திருக்கலாம். இந்தக் கணக்கை லயத்தில்தான் படித்திருக்க வேண்டும்.

பசறை வீதியில் ஒரு தோட்டம். அங்கே வேதக்காரக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் தாத்தா காலத்தில் சேர்ந்த குடும்பம்.

"எங்க தாத்தாவுக்கு வேதம் மொதல்ல வரலைங்க ஐயா. மொதல்ல ஆனா ஆவன்னாதான் வந்துச்சு" என்றார். "ஊருக்குக் கடுதாசி எழுத லயத்துல ஆளில்ல. உபதேசியார் எழுதிக் குடுத்தாராம். ரெண்டு மூணு தடவ எழுதிக் குடுத்துட்டு, அடுத்த கடுதாசி நீயே எழுதணும்னு பலகையக் கையில குடுத்துட்டாராம்."

நான் சும்மா இருப்பேனா? சம்பளம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "தொரைதான்னு எல்லாருக்கும் தெரியும். அதனால தாத்தா எல்லாக் கதையும் உபதேசியாருகிட்ட சொல்லுவாரு, தொழிற்சங்கத்துல பேர் குடுத்த கதைய மட்டும் சொல்லமாட்டாராம். நல்ல மனுசன்தான் ஐயா. ஆனா தொரை காசு."

நான் பக்கம் பக்கமாக எழுதியதைப் பெரியவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். நம்பிக்கையைப் பகிரக் கற்பது என்றால் எதைச் சொல்வது, எந்த வசனத்தை எடுப்பது என்று பயிற்சி கொடுக்கிறார்கள். கேட்பவன் அதற்கு முன்பே சொல்பவனைப் படித்து முடித்துவிடுகிறான். எங்கே தங்குகிறான், யார் வீட்டில் சாப்பிடுகிறான், யாருக்குச் சலாம் போடுகிறான் என்பதுதான் அவன் கேட்கிற முதல் பிரசங்கம். ஒரு ஆளுக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி, போட்ட கணக்கப்பிள்ளையிடம் அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை பேச முடியாத உபதேசியார், மோட்சத்தைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் அதில் பாதிதான் காதில் விழும்.

பதுளை நகரத்துக்குள் இதற்கு இன்னொரு சாட்சி நிற்கிறது: பரிசுத்த மாற்கு ஆலயம். பேராயர் சாப்மன் 1857இல் பிரதிஷ்டை செய்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாக எழுந்தது. மேஜர் வீதி போட்டவர், நிர்வாகம் பார்த்தவர். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது யானைகளுக்காக. ஆயிரத்து நானூறுக்கு மேல் சுட்டுக் கொன்றார் என்பது கணக்கு. 1845 ஜூனில் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார்.

சபைக்கு அவர் கடமை தவறாத கனவான். ஊருக்கோ, செய்ததை இடியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட மனிதர். பௌத்தரும் இந்துவும் இந்தக் கதைக்கு ஒரே முடிவைத்தான் சொல்வார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நின்று ஒரு சாப்ளின் உயிர்களின் மேல் தேவன் வைத்த அன்பைப் பற்றிப் பேசினால், வெளியே நின்று கேட்பவன் மனத்தில் யானைதான் வரும். கேட்பவன் வெறும் பலகை அல்லன். அவனிடம் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது, பல சமயம் சொல்ல வந்தவனைப் பற்றியதாகவே.

சம்பளப் பேச்சை விடுவதற்கு முன் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த திருநெல்வேலிக்காரர், அப்போது வை.எம்.சி.ஏ. ஊழியர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் கடலுக்கு அப்பால் ஊழியம் நடத்துவதைக் கண்டார். வெட்கமும் உற்சாகமும் ஒன்றாக வந்திருக்கும். ஊர் திரும்பியதும், 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியாவே பின்பு அங்கு போய், 1912இல் பேராயரும் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

கணக்கைப் பாருங்கள். 1854இல் துரைமார் காசில் மலைக்கு ஆள் அனுப்பிய அதே திருநெல்வேலி, அரை நூற்றாண்டுக்குள் தன் காசில் தன் ஆளை அனுப்பியது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைக்கிற பழக்கம் அந்தச் சபைகளில் இருந்தது. பிடி அரிசியில் போனவரிடம் "யார் காசு?" என்று கேட்டால் சங்கடமில்லாமல் பதில் சொல்லலாம். அந்தச் சுதந்திரம் நம் தோட்டத்து உபதேசியாருக்கு வாய்க்கவில்லை. யோசனை யாழ்ப்பாணத்திலிருந்து கடலைத் தாண்டியது, மலையைத் தாண்டவில்லை.

இனிப் பண்டாரவளை. இடம் முடிந்துவிட்டது, ஆசிரியரின் தொலைபேசி இரண்டாவது முறை அடிக்கிறது. ஆகவே முன்கடன் மட்டும். 1959 முதல் கண்டிக்கு ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் ஊவாவுக்கென்று பதுளை மறைமாவட்டம் பிரிந்தபோது, பழைய, வசதியான கண்டியை விட்டுவிட்டுப் புதிய, ஏழைப் பதுளையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதவியில் கீழே இறங்கி வரம் கேட்டவர்! குருவாக விரும்பிய இளைஞர்களை மதிலுக்குள் பூட்டாமல் சனங்களோடு வாழவைத்துப் பழக்கத்தான் சேவக செவன. அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் மைக்கல் ரொட்ரிகோ. இரண்டு முனைவர் பட்டங்களை வைத்துக்கொண்டு 1980இல் புத்தளைக்குப் பக்கத்தில் அலுகல்விட்ட என்ற முழு பௌத்தக் கிராமத்தில் போய்க் குடியிருந்தார். யாரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி, பூசை முடிகிற நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மதம் மாற்றாமல் வேதத்தைப் பகிர்வதா, அது எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள். அடுத்த வாரம் புத்தளை. அங்கேயும் என் முதல் கேள்வி மாறாது: சோறு போட்டது யார்?