அரக்கோணத்திலிருந்து ஒரு குரல்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில், அந்தக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையை விடிய விடியக் கூத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். கதையைத் தாளத்தில் ஏற்றிச் சொல்வது செஞ்சிக்காரனுக்குப் புதிதல்ல. அதனாலேயே அரக்கோணத்துப் பாடகர் அறிவின் ராப் எனக்கு உடனே பிடிபட்டது.

ராப் என்பது தாளத்தோடு பேசிப் பாடும் கலை. 1970களில் நியூயார்க்கின் கறுப்பின இளைஞர்கள் வளர்த்தது. அறிவு பொறியியல் படித்தவர், கவிதை எழுதியவர். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு அவருக்கு மேடை கொடுத்தது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் கச்சேரி. கானா பாடகர்கள் கோட்டு சூட்டில் கம்பீரமாக நின்றார்கள். பறையும் கிடாரும் ஒரே மேடையில் முழங்கின. சங்கீத சபாக்கள் அதுவரை தராத மரியாதை அது.

அதே ஆண்டு 'காலா' படத்தில் 'உரிமையை மீட்போம்' பாட்டை எழுதினார். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' ஆல்பம். 2021இல் பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் போனது. அதன் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்க்கை.

எஞ்சாமி தெரிந்த பலருக்குத் 'தெருக்குரல்' தெரியாது. அவருடைய கோபமும் தெளிவும் அதில்தான் முழுசாக இருக்கிறது. அவசியம் கேளுங்கள்.