நீங்கள் ஓட்டுப் போடாத எம்.பி.

உங்கள் எம்.பி. யார் என்று கேட்டால் மக்களவை உறுப்பினர் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். தேர்தல் சமயத்தில் தெருவுக்கு வந்தவர், சுவரெல்லாம் பெயர் எழுதியிருந்தவர். ராஜ்யசபா எம்.பி. ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் கொஞ்சம் யோசிப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு (ராஜ்யசபாவின் தமிழ்ப் பெயர், நாடாளுமன்றத்தின் மேலவை) 18 பேர் போகிறார்கள். அவர்களுக்குத் தனித் தொகுதி கிடையாது, மாநிலம் முழுவதுமே தொகுதிதான். கணக்குப் பார்த்தால் உங்களுக்கு ஒரு எம்.பி. இல்லை, 19 எம்.பி.க்கள்.

அந்த 18 பேரில் ஒருவர் அங்கே என்ன செய்தார், எதில் அக்கறை காட்டினார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உதாரணத்துக்கு தி.மு.க.வின் திருச்சி சிவாவை எடுத்துக்கொள்வோம். அவர் கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். மேலவையில் தனி ஒரு உறுப்பினர் எவ்வளவு தூரம் போகமுடியும், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார் என்ற இரண்டுமே அவருடைய பதிவில் தெரிகின்றன. அதனால்தான் அவர்.

நாம் ஓட்டுப் போடாமல் இவர் எப்படி எம்.பி. ஆகிறார்?

நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பதவிக்காலம் 6 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவதால், தமிழ்நாட்டில் ஒவ்வொரு முறையும் 6 இடங்கள் காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால் ஓர் இடத்துக்கு 34 ஓட்டு வேண்டும். 2014இல் தி.மு.க.விடம் இருந்தது 2011 தேர்தலில் வென்ற 23 இடங்கள்தான். ஆனாலும் 6 இடத்துக்கு 6 பேர் மட்டுமே களத்தில் நின்றதால், ஓட்டுப்பதிவே நடக்காமல் சிவா உறுப்பினரானார். நேரடித் தேர்தலும் அவருக்குப் புதிதல்ல. 1996இல் புதுக்கோட்டைத் தொகுதியில் நின்று மக்களவைக்குப் போனவர்.

சரி, அங்கே போய் ஒரு தனி உறுப்பினர் என்ன சாதிக்கமுடியும்? அரசு சொல்வதற்குக் கை தூக்குவதும், எதிர்ப்பதென்றால் கத்துவதும்தானே?

பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு நடுவே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கு. அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் தானே எழுதிய சட்ட முன்வரைவை அப்போது கொண்டுவரலாம். இதற்குத் தனிநபர் மசோதா என்று பெயர். ஊருக்கு விமானம் பிடிக்கும் நேரம் என்பதால் அவையில் கூட்டம் குறைவாகவே இருக்கும். நாடு விடுதலை பெற்றதிலிருந்து இப்படிச் சட்டமானவை மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல்.

சிவா அந்த வாசலில் நுழைந்தது இப்படி. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மூன்றாம் பாலினத்தவர் தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளும் உரிமை பெற்றவர்கள் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அவர்களுக்கான நல வாரியம் 2008இலேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம்தான் இல்லை. 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, சிவா ஒரு தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்தினார். கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத ஒதுக்கீடு, தேசிய அளவிலும் மாநில அளவிலும் ஆணையங்கள், வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றங்கள் என்று விரிவான மசோதா அது.

இத்தகைய மசோதாக்களின் வழக்கமான முடிவு எல்லா எம்.பி.க்களுக்கும் தெரியும். விவாதம் நடக்கும். அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டி, அரசே பார்த்துக்கொள்ளும், திரும்பப் பெறுங்கள் என்பார். உறுப்பினரும் திரும்பப் பெறுவார். 2015 ஏப்ரல் 24 அன்று சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட்டும் அதையே கேட்டார். அரசே மசோதா கொண்டுவரும் என்றார். சிவா மறுத்தார், வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்றார். அந்த விஷயத்தை வெளிப்படையாக எதிர்த்து ஓட்டுப் போட யாரும் முன்வரவில்லை. மசோதா ஒருமனதாக நிறைவேறியது.

அப்படியானால் அது சட்டமாகிவிட்டதா? ஆகவில்லை. ஒரு மசோதா இரண்டு அவைகளையும் தாண்டவேண்டும். மக்களவையில் பைஜயந்த் பாண்டா அதைக் கையில் எடுத்தார். அங்கே விவாதத்துக்கு வந்தது, நிறைவேறவில்லை. அரசு 2016இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. பல திருப்பங்களுக்குப் பிறகு 2019இல் அரசு கொண்டுவந்த மசோதாவே சட்டமானது. அதில் 2 சதவீத ஒதுக்கீடு இல்லை. அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கச் சொன்னதை அந்தச் சமூகத்தினரே எதிர்த்தார்கள். அந்த மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு (வரிக்கு வரி ஆராயும் எம்.பி.க்கள் குழு) அனுப்பச் சொல்லி அதே சிவா தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது.

அப்படியென்றால் 2015இல் நடந்தது வீணா? என் கணிப்பில் இல்லை. 2015 ஏப்ரலில் அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றிருந்தால், ‘அரசு கொண்டுவரும்’ என்ற வாக்குறுதி அவைக் குறிப்பேட்டில் ஒரு வரியாகத் தூங்கியிருக்கும். ஓர் அவை முழுதாக ஒப்புக்கொண்ட மசோதாவை அரசு அப்படி ஒதுக்கிவிட முடியாது. மேலவை உறுப்பினரின் பலம் பெரும்பாலும் இவ்வளவுதான்: முடிவை எழுத முடியாது, பேச்சைத் தொடங்கிவைக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். ‘என் எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்க்கலாமா?’

பெரும்பாலான மசோதாக்களுக்குப் பார்க்கமுடியாது. அவற்றை முடிவு செய்வது குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்பவர்கள் ஒருமுறை குரல் கொடுப்பார்கள், ‘இல்லை’ என்பவர்கள் ஒருமுறை. எந்தச் சத்தம் பெரிது என்று அவைத் தலைவர் சொல்வார். பெயர் எதுவும் பதிவாகாது. யாராவது ஒரு உறுப்பினர் டிவிஷன் (பொத்தானை அழுத்தி, பெயரோடு பதிவாகும் வாக்கெடுப்பு) கேட்டால்தான் யார் எந்தப் பக்கம் என்பது வெளியே தெரியும்.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது தகராறே இதில்தான். மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பவேண்டும் என்ற தீர்மானத்துக்கு சிவா டிவிஷன் கேட்டார். உறுப்பினர்கள் தம் இருக்கையில் இல்லை என்று சொல்லி அவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அதை ஏற்கவில்லை. இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்று எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. அந்தச் சட்டங்களை 2021 நவம்பரில் அரசே திரும்பப் பெற்றது வேறு கதை. ஆனால் அன்று எந்த எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் இன்றுவரை கிடையாது.

பெயர் பதிவானாலும் அதைச் சொந்தக் கருத்து என்று நம்பிவிடாதீர்கள். கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். உறுப்பினரின் சொந்த அக்கறை எங்கே தெரியும் என்றால், கொறடா எட்டிப் பார்க்காத இடங்களில்: தனிநபர் மசோதா, கேள்வி, குழுக்கள்.

கேள்விகளை எப்படிப் படிப்பது? மாநிலங்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் கிடைக்கும். எல்லாம் ஒரே அச்சில் இருக்கும்: (அ) இன்ன விஷயம் உண்மையா, (ஆ) ஆம் எனில் மாநில வாரியாக விவரம், (இ) இல்லை எனில் காரணம் என்ன. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும். செய்தியில் அடிபடுவது முதல் வகை. உங்களுக்குப் பயன்படுவது இரண்டாவது வகை. உங்கள் ஊர் ரயில் பாதைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் இந்தப் பதில்களின் பின்னிணைப்பில்தான் கிடக்கும்.

வருகைப் பதிவையும் அதே இணையதளத்தில் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து ஒருவரை எடைபோட அவசரப்படாதீர்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை என்பதால் அவர்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. கையெழுத்துப் போட்டவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதும் அதில் தெரியாது. கேமராவும் கூச்சலும் இல்லாமல் நிலைக்குழுவில் (ஒரு துறையின் செலவையும் மசோதாக்களையும் ஆராயும் குழு, 21 மக்களவை உறுப்பினர்கள், 10 மாநிலங்களவை உறுப்பினர்கள்) நடக்கும் வேலைக்கு அதைவிட மதிப்பு அதிகம். சிவா தொழில்துறை நிலைக்குழுவின் தலைவராக இருந்தவர். அந்தக் குழுக்களின் அறிக்கைகளும் இணையத்தில் உள்ளன. முக்கியமான மசோதா ஒன்று குழுவுக்குப் போனால், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று செய்தித்தாளில் விளம்பரம் வரும். நீங்களும் எழுதலாம்.

எம்.பி.க்குச் சொந்தமாக வியாபாரம் இருந்தால்? ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்துக்கொண்டு அந்தத் துறையைப் பற்றியே பேசினால்?

இதற்காக மாநிலங்களவையில் ‘உறுப்பினர் நலன்கள் பதிவேடு’ ஒன்று இருக்கிறது. மக்களவையில் இப்படி ஒன்று இல்லை என்பது பலருக்குத் தெரியாது. சம்பளம் பெறும் இயக்குநர் பதவி, ஊதியம் தரும் வேறு தொழில், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு, கட்டணம் வாங்கும் ஆலோசனைப் பணி, தொழில்முறை ஈடுபாடு என்று ஐந்து விஷயங்களை உறுப்பினர் அதில் தெரிவிக்கவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம். சொத்து விவரம் வேண்டுமென்றால் அதைவிட எளிது. வேட்புமனுவோடு கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே இருக்கும்.

இனி பணம். தொகுதியே இல்லாதவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டா? உண்டு, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் வேலையைச் செய்யும். மக்களவை உறுப்பினர் தன் தொகுதிக்குள் பரிந்துரைக்க வேண்டும் என்றால், மாநிலங்களவை உறுப்பினர் தேர்வான மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். இளையராஜாவைப் போல நியமன உறுப்பினர் என்றால் இந்தியா முழுவதும். உங்கள் பள்ளிக்கு வகுப்பறையோ தெருவுக்குக் குடிநீர்த் தொட்டியோ வேண்டுமென்றால், உங்கள் எம்.பி. கைவிரித்த பிறகும் இன்னும் 18 கதவுகள் இருக்கின்றன. வழிபாட்டுத் தலத்துக்குள் வேலை, தனி ஒருவருக்குப் பயன், வணிகக் கட்டடம் ஆகியவற்றுக்குக் கிடைக்காது.

வேறு என்ன கேட்கலாம்? முதலில், என்ன கேட்டுப் பயனில்லை என்று சொல்லிவிடுகிறேன். கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. சிபாரிசு சீட் 2022இல் ஒழிந்துவிட்டது. இன்னமும் அதற்காக எம்.பி. வீட்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு. உள்ளூர் பட்டா, ரேஷன் அட்டை எல்லாம் மாநில அரசின் வேலை. அதற்கு எம்.எல்.ஏ.வைப் பாருங்கள்.

மத்திய அரசு சம்பந்தப்பட்டது என்றால் தயங்காமல் எழுதுங்கள். ரயில் நிறுத்தம், தபால் அலுவலகம், வருங்கால வைப்புநிதி, தேசிய நெடுஞ்சாலை, வெளிநாட்டில் சிக்கிய தொழிலாளர் என்று பட்டியல் நீளம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். எந்த அமைச்சகம், என்ன பிரச்சினை, ஏற்கெனவே யாருக்கு எப்போது மனுக் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி நகல்களை இணையுங்கள். உங்கள் கஷ்டத்தைக் கேள்வியாக மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பூஜ்ய நேரத்தில் (முன்னறிவிப்புக் கொடுத்து அவசரப் பொதுப் பிரச்சினையை எழுப்பும் நேரம்) உறுப்பினருக்குக் கிடைப்பது 3 நிமிடம், பிறகு மைக் தானே அணைந்துவிடும். சிறப்புக் குறிப்பு (அவையில் வாசித்துப் பதிவு செய்யும் குறிப்பு) என்றால் 250 சொல்லுக்குள். அந்த அளவுக்குள் அடங்கும்படி நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர் உதவியாளருக்கு வேலை மிச்சம், உங்கள் விஷயம் அவைக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். தமிழிலேயே எழுதலாம். 2018 முதல் மாநிலங்களவையில் அட்டவணை மொழிகள் 22க்கும் உடனடி மொழிபெயர்ப்பு இருப்பதால், உறுப்பினர் தமிழிலேயே பேசவும் முடியும்.

எப்போது அனுப்புவது? கேள்வி கேட்க உறுப்பினர் 15 நாள் முன்னதாக அறிவிப்புத் தரவேண்டும். பட்ஜெட் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜனவரி இறுதியிலும், மழைக்காலத் தொடர் ஜூலையிலும், குளிர்காலத் தொடர் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் கடிதம் அவர் மேசையில் இருக்கட்டும். ஒரே எம்.பி.க்கு மட்டும் அனுப்பாமல், வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த மூன்று நான்கு பேருக்கு அனுப்புங்கள்.